ஷெட்டில் நின்ற புல்லட்டை எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் தாத்தா வீட்டு ஷெட்டில் 1972 மாடல் புல்லட் 350 பதினெட்டு வருடமாக நிற்கிறது. கிக்கர் இறங்கவில்லை. வீட்டிலேயே வைத்துச் சரிசெய்ய ஆசைப்படுகிறீர்கள். பெயிண்ட், குரோம் எல்லாம் முடித்துப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டு, அப்புறம் இன்ஜினைப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். வந்து பார்த்த மெக்கானிக் இன்ஜினை மொத்தமாக இறக்கிப் போர் அடித்துவிடலாம், அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் வரிசை தலைகீழ். பெயிண்ட் கடைசி வேலை, டேங்கைப் பொறுத்தவரை தேவையே இல்லாமலும் போகலாம். போர் அடிப்பதா வேண்டாமா என்பதை சிலிண்டரைக் கழற்றி அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும், வெளியே நின்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் முப்பது வருடமாக சேலத்தில் வீட்டுப் பின்கட்டில் பழைய வண்டிகளோடு இருக்கிறேன். நின்றதால் கெட்ட வண்டியைவிட, எழுப்புகிறேன் என்று அவசரப்பட்டதால் கெட்ட வண்டியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் கீழே எழுதுவதில் பாதி, எதைச் செய்யக்கூடாது என்பதாகவே இருக்கும்.

முதலில் அந்தக் கிக்கரை விடுங்கள். இரண்டு பேர் ஏறி நின்று மிதித்தால் இறங்கிவிடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கும். பலம் கொடுத்தால் ரிங் உடையும், அல்லது கிக்கர் பல் போகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு சின்ன டம்ளர் அளவு உள்ளே ஊற்றுங்கள். துளையைத் துணியால் அடைத்துவிட்டு ஒரு வாரம் தொடாதீர்கள். நடுவில் ஒருமுறை ஊற்றலாம். பிறகு டாப் கியரில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். ஒரு நூல் அளவு அசைந்தாலும் போதும், மீண்டும் ஊற்றிக் காத்திருங்கள். பெரும்பாலும் இதிலேயே விட்டுவிடும். மூன்று வாரமாகியும் அசையவில்லை என்றால், ஹெட்டைக் கழற்றி மேலிருந்து பார்க்க வேண்டியதுதான்.

அந்தக் காத்திருப்பு நாட்களில் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, படம் எடுப்பது. எந்த நட்டையும் தொடுவதற்கு முன் வண்டியைச் சுற்றி நூறு படமாவது வேண்டும். கேபிள் எந்தப் பக்கமாகப் போகிறது, வயர் எங்கே கட்டியிருக்கிறது, வாஷர் எந்த வரிசையில் இருக்கிறது என்பதெல்லாம் ஆறு மாதம் கழித்து ஞாபகம் இருக்காது. கழற்றும் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஏற்காட்டுப் பனிக்கு, எண்ணெய் துடைத்த இரும்பு ஒரே ராத்திரியில் செம்பட்டையாகிவிடும். ஆகவே கழுவிய சாமான் எதுவானாலும் மேலே இன்ஜின் ஆயில் தடவி, செய்தித்தாளில் சுற்றி வையுங்கள்.

இன்னொன்று, காகிதம். ஆர்.சி. புத்தகம் தாத்தா பெயரில் இருக்கிறது என்றீர்கள். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். துருவின் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணை அழித்துவிடாதீர்கள், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாலே தெரியும். இறந்தவர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31, பதிவைப் புதுப்பிக்க படிவம் 25. பழைய பதிவுகள் சில கணினியில் ஏறாமலே இருக்கும், அதனால் பணம் செலவழிக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். ஐம்பது வருடத்தைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-ல் வின்டேஜ் பதிவு என்று தனி விதி வந்தது. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். உங்கள் வண்டி அந்த வயதுக்கு வந்துவிட்டது. ஆனால் வின்டேஜ் பதிவில் அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை, கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்குத்தான். வாரம் ஒருமுறை சேலம் இறங்கி வர ஆசைப்படுகிறீர்கள். எனவே சாதாரணப் பதிவையே புதுப்பிப்பது நல்லது என்பது என் கருத்து.

அடுத்து ஸ்பேனர். இங்கேதான் நிறையப் பேர் முதல் நாளே வண்டியைக் காயப்படுத்துகிறார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூர் ஆலைக்கு வரைபடமும் அச்சும் அங்கிருந்து வந்தன. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. உங்கள் தாத்தாவின் வண்டி அதற்கும் இரண்டு வருடம் கழித்துத் திருவொற்றியூரில் பிறந்தது, ஆனால் மரை மட்டும் பிரிட்டிஷ் இஞ்சுக் கணக்குதான். இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனர் சில நட்டுகளில் ஏறக்குறையப் பொருந்தும். அந்த 'ஏறக்குறைய'தான் ஆபத்து, ஒரே திருப்பில் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். இந்த பிரிட்டிஷ் மரைக்கான விட்வொர்த் அளவு ஸ்பேனர் செட் ஒன்று தேடி வாங்குங்கள். பழைய இரும்புக் கடைகளில் தேய்ந்துபோனது கிடைத்தாலும் பரவாயில்லை. அதே காரணத்தால் பழைய போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக ஸ்டெயின்லெஸ் போடும் ஆசையும் வேண்டாம். மரை வேறாக இருந்தால் அலுமினியத்தில் உள்ள மரையைத் தின்றுவிடும். பழையதைக் கழுவி, வயர் பிரஷ் போட்டு, அதையே பூட்டுங்கள்.

இன்ஜின் சுற்ற ஆரம்பித்துவிட்டதா? இன்னும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. பழைய ஆயிலை வடியுங்கள். இந்த வண்டியில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் பின்பகுதியிலேயே அறையாக வார்த்திருப்பார்கள். நெடுநாள் நின்றால் ஆயில் பம்பு வழியாகக் கசிந்து முன்னால் கிராங்க் இருக்கும் அறைக்குப் போய்த் தேங்கிவிடும். அதனால் இரண்டு அறையையும் வடிக்க வேண்டும். பதினெட்டு வருடக் கசடு அடியில் களிமண் மாதிரி உட்கார்ந்திருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி, பிரஷ் விட்டு, தெளிவாக வரும்வரை கழுவுங்கள். ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

இப்போது நான் சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள். வலது பக்க டைமிங் கவரை உள்ளிருந்து பார்த்தால், கிராங்க் முனை வந்து சேரும் இடத்தில் சுண்டுவிரல் முனை அளவுக்குச் சின்ன கார்க் சீல் ஒன்று இருக்கும். பம்பு தள்ளும் எண்ணெய் அந்த வழியாகத்தான் கிராங்குக்குள் நுழைந்து, கனெக்டிங் ராடின் அடிமுனையான பிக்-எண்டுக்குப் போகிறது. பழைய 350-ல் பிக்-எண்டில் உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ் என்ற உலோக வளையம்தான். எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை அது நீண்ட காலம் உழைக்கும், எண்ணெய் நின்றால் சில நிமிடங்களில் பிடித்துவிடும். என் முதல் புல்லட்டில் நான் பழைய சீலையே திரும்பவும் வைத்துக் கவரை மூடினேன். அது வருடக்கணக்கில் நசுங்கித் தட்டையாகிப் போயிருந்தது. எண்ணெய் கிராங்குக்குள் போகாமல் ஓரத்தில் கசிந்து வீணாகியிருக்கிறது. ஓமலூர் ரோட்டில் நாற்பது கிலோமீட்டர்கூடப் போகவில்லை, அடியிலிருந்து சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம். கனெக்டிங் ராட், கிராங்க் பின் எல்லாம் போயிற்று. சில ரூபாய் சீல் அது. உங்களுடையதை, நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும், மாற்றிவிடுங்கள்.

கவரை மூடிய பிறகு பிளக் இல்லாமல் கிக்கரை நிதானமாக அழுத்திக்கொண்டே இருங்கள். ஹெட்டுக்குப் போகும் மெல்லிய எண்ணெய்க் குழாயின் இணைப்பை மேலே சற்றுத் தளர்த்தி வைத்தால் அங்கே எண்ணெய் துளிர்க்க வேண்டும். இருபது முப்பது மிதியில் வரவில்லை என்றால் பம்பில் காற்று அடைத்திருக்கிறது அல்லது பம்பின் இருக்கை தேய்ந்திருக்கிறது. எண்ணெயைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

சிலிண்டரைத் திறக்கத்தான் வேண்டும் என்று வந்தால், பயப்படும் வேலை இல்லை. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கணக்குப் போட்டால் 346 சி.சி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். கழற்றிய சிலிண்டரை லேத் பட்டறைக்கு எடுத்துப் போய் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். துருப் புள்ளி மட்டும் இருந்து அளவு கெடவில்லை என்றால் ஹோன் பண்ணி, அதாவது உட்சுவரை லேசாகத் தேய்த்து, புது ரிங் போட்டாலே போதும். அளவு உண்மையிலேயே கூடியிருந்தால் அடுத்த ஓவர்சைஸுக்கு, அதாவது ஒரு படி பெரிய பிஸ்டனுக்கு மட்டும் போர் அடியுங்கள். முதலில் பிஸ்டனைக் கையில் வாங்கிவிட்டு, அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் அடிக்க வேண்டும். எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. ஒவ்வொரு போருக்கும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு பகுதி போகிறது, தேவையில்லாமல் செலவழிக்காதீர்கள்.

வால்வுக்கு கிரைண்டிங் பேஸ்ட் போட்டுக் கையாலேயே உட்கார வைக்கலாம். முடிந்ததும் போர்ட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் கசியக்கூடாது. டேப்பெட் வைக்கும்போது, அதாவது வால்வைத் தள்ளும் புஷ்ராடின் அளவைச் சரிசெய்யும்போது, ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு இடைவெளி எவ்வளவு என்று தேடாதீர்கள். இதில் இடைவெளி கிடையாது. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்கும்போது, புஷ்ராடை விரலால் தடையில்லாமல் சுழற்ற முடிய வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் மட்டும் இருக்கக்கூடாது. அவ்வளவுதான். கிராங்க் வேலை வந்தால் மட்டும் வீட்டில் கை வைக்க வேண்டாம். ஃப்ளைவீலைப் பிரித்துச் சேர்த்து நேர் பார்க்க அழுத்தும் கருவியும் டயல் கேஜும் வேண்டும், அனுபவமும் வேண்டும்.

கரண்ட் பக்கம் வருவோம். அன்றைய வயரின் மேலுறை வெடித்திருக்கும், ஷெட் என்றால் எலியும் கடித்திருக்கும். துண்டு துண்டாக ஒட்டுப் போடாதீர்கள். பழைய வயர்க் கட்டை முழுசாகக் கழற்றி ஒரு பிளைவுட் பலகையில் ஆணி அடித்து விரித்து, அதே நீளம், அதே நிறத்தில் புதுக் கட்டு கட்டுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை, ஆனால் அப்புறம் தொந்தரவே இருக்காது. பிளக்கில் பொறி வரும் நொடியைத் தீர்மானிக்கும் தொடுமுனைதான் பாயின்ட். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி அரை மி.மீ. பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயின்ட் பிரியத் தொடங்க வேண்டும். பாயின்ட்டுக்கு இடையே மெல்லிய தாள் ஒன்றைச் செருகி வைத்தால், பிரியும் நொடியில் தாள் விடுபடுவது கைக்குத் தெரியும். சூடானதும் அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டிக்குக் கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன், பாயின்ட்டோடு இணைந்திருக்கும் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள்.

டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் சிட்ரிக் ஆசிடை வெந்நீரில் கரைத்து ஒரு நாள் நிரப்பி வைத்து, வடித்து, சமையல் சோடா கரைசலால் அலசி, நன்றாகக் காய வைத்து, உடனே கொஞ்சம் ஆயில் விட்டு உருட்டுங்கள். வெளிப்பக்கப் பெயிண்ட்டில் அந்தத் தண்ணீர் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டை இருந்தாலும் டேங்கில் யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள், பல வருடம் காலியாக இருந்த டேங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், வெடிக்கும். தெரிந்த ஆள் தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் தொடுவார். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கரைக்கும். பெட்ரோல் டியூபையும் டேப்பில் உள்ள கார்க்கையும் எத்தனால் தாங்கும் பொருளில் மாற்றுங்கள். ஒரு மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். மலைமேல் இது கட்டாயம்.

கார்புரேட்டர் பற்றி ஒரு சங்கதி. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. கீழே ட்யூன் பண்ணிய வண்டி மேலே வந்ததும் பெட்ரோல் அதிகமாகக் குடித்துக் கரும்புகை விடும், பிளக் கறுக்கும். வண்டி மேலேதான் இருக்கப்போகிறது என்பதால் மேலேயே ட்யூன் பண்ணுங்கள். ஆனால் கீழே இறங்கி நெடுஞ்சாலையில் விரட்டும்போது கலவை வறண்டு இன்ஜின் சூடேறும். அதனால் மேலே ட்யூன் பண்ணும்போது, பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை மட்டும் சின்னதாக்கிவிடாதீர்கள், ஐடிலிங் ஸ்க்ரூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரேக்கைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய வண்டி இது. இன்ஜின் ஒரு மாதம் தாமதமானால் ஒன்றும் ஆகாது. பழைய பிரேக் லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். ஷூவுக்குப் புது லைனர், புதுக் கேபிள், டிரம் வட்டம் கெட்டிருந்தால் லேத்தில் லேசாக ஒரு கடைசல். டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள், ரப்பர் செத்திருக்கும். ஸ்போக்ஸை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கிண்ணென்று ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கிறது.

இனி பெயிண்ட். அந்த டேங்கில் உள்ள தங்கக் கோடு ஸ்டிக்கர் இல்லை தம்பி. திருவொற்றியூரில் ஒருவர் பிரஷ்ஷை எடுத்து, அளவுகோல் வைக்காமல், ஒரே மூச்சில் கையால் இழுத்த கோடு. கிட்டே போய்ப் பாருங்கள், கோடு தொடங்கும் இடத்தில் தடிமன் சற்று மாறும். உங்கள் தாத்தாவின் முழங்கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடமும் அந்த டேங்கில் இருக்கும். அதைச் சுரண்டிப் பட்டி பார்த்துப் புதுப் பெயிண்ட் அடித்தால் பளபளப்பு வரும், இந்த இரண்டும் போய்விடும். ஒரு வண்டியில் நான் அப்படிச் செய்துவிட்டு இன்றுவரை வருந்துகிறேன். மென்மையான சோப்பு நீரில் கழுவி, நயமான காம்பவுண்டை ஓர் ஓரத்தில் போட்டுப் பார்த்து, கோட்டின் மேல் அழுத்தாமல் துடைத்து, மெழுகு பூசுங்கள். எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். மட்கார்டு, ஃப்ரேம் துருத்தின்றிருந்தால் அதை மட்டும் அடிக்கலாம். ஆனால் ஏற்காட்டில் மழை, பனிக் காலத்தில் தின்னர் கலந்த பெயிண்ட் அடித்தால் ஈரம் இறங்கி வெள்ளையாகப் புகை படரும். பிப்ரவரி, மார்ச்சில் சேலத்துக்கு இறக்கி அடியுங்கள். அலுமினியக் கவர்களுக்குப் பஃபிங் வேண்டுமென்றால் செவ்வாய்பேட்டை, சிவதாபுரம் எனக் கொலுசுக்கே பாலிஷ் போட்டுப் பழகிய ஊர் இது, கை நயமானவர்கள் உண்டு. வார்ப்பின் ஓரமும் எழுத்தும் மழுங்காமல் மேலாகப் போடச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் பண்ணும் நாள். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். முள் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து வரும். நடுவுக்கு வந்து நிற்கும் இடம்தான் பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும் இடம். அங்கே, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் ஓர் அங்குலம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அடிவரை ஒரே மிதி. உதைக்க வேண்டாம், உடல் எடையை இறக்கினால் போதும். முதல் ஐநூறு கிலோமீட்டருக்கு விரட்டாமல், ஒரே வேகத்திலும் போகாமல் ஓட்டுங்கள். முடிந்ததும் ஆயிலை மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, இது உயிர் விஷயம். இந்த வண்டியில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இன்றைய வண்டி ஓட்டிப் பழகிய கால், பயந்த நொடியில் வலப்பக்கம்தான் மிதிக்கும். அங்கே பிரேக் இருக்காது, கியர் மாறும். ஆகவே வண்டியை வேனில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து, சமதளத்தில், ஆள் இல்லாத இடத்தில் இரண்டு வாரமாவது பழகுங்கள். கால் யோசிக்காமல் இடப்பக்கம் போகத் தொடங்கிய பிறகு அடிவாரத்திலிருந்து மெதுவாக ஏறுங்கள். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இன்ஜினே பாதி பிரேக் வேலையைச் செய்யும். நியூட்ரலில் உருட்டவே கூடாது. அடிவாரம் வந்ததும் நிறுத்தி, இரண்டு டிரம்மின் கிட்டேயும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்த ஷூ உரசிக்கொண்டே வந்திருக்கிறது, வீட்டுக்குத் திரும்பும் முன் அங்கேயே கேபிளைத் தளர்த்துங்கள்.